யமாட்டோ விண்கப்பலின் ஹேங்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற ஜப்பானிய அனிமே தொடர் 1974 அக்டோபரில் தொடங்கி 1975 மார்ச்சில் முடிந்தது. மொத்தம் 26 பகுதிகள். அதே கதையை 'யமாட்டோ 2199' என்ற பெயரில் 2012, 2013 ஆண்டுகளில் புதிதாக எடுத்தார்கள். இரண்டிலும் பார்ப்பவருக்கு எழும் சந்தேகம் ஒன்றுதான்: கப்பலின் அடியிலிருந்து போர் விமானங்கள் வந்துகொண்டே இருக்கின்றனவே, அத்தனையும் எங்கே நிற்கின்றன? அவை நிற்கும் கூடத்துக்குத்தான் ஹேங்கர் என்று பெயர். அந்தச் சந்தேகத்தைச் சுற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. எண்களை வைத்துப் போட்ட கணக்குகள் என்னுடையவை. அப்படிப்பட்ட இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

கதை தெரியாது. ஹேங்கரைப் புரிந்துகொள்ள எவ்வளவு தெரிந்தால் போதும்?

வருடம் 2199. கமிலாஸ் என்ற அன்னியப் பேரரசு வீசிய குண்டுகளால் பூமியின் கடல்கள் வற்றிவிட்டன. இன்னும் ஒரு வருடத்தில் மனித இனமே இருக்காது. காப்பாற்றக்கூடிய கருவி பெரிய மெகல்லன் மேகத்தில் உள்ள இஸ்காண்டர் கிரகத்தில் இருக்கிறது. அதைப் போய் எடுத்து வர ஒரே ஒரு கப்பல், யமாட்டோ.

வழியில் துறைமுகம் கிடையாது. உதவிக்கு வரும் துணைக் கப்பலும் கிடையாது. ஆகவே இந்த ஹேங்கர் விமானங்களை நிறுத்தும் இடமாக மட்டும் இருந்தால் போதாது. பழுது பார்ப்பது, எரிபொருள் நிரப்புவது, ஆயுதம் ஏற்றுவது எல்லாமே அங்கேதான் நடந்தாக வேண்டும். அதுவும் ஒரு வருடம் முழுக்க.

கப்பலில் என்னென்ன விமானங்கள் இருக்கின்றன?

பழைய தொடரில் பெரும்பான்மை பிளாக் டைகர் போர் விமானங்கள். கதாநாயகன் கோடாய் ஓட்டுவது காஸ்மோ ஜீரோ. புதிய தொடரில் பிளாக் டைகரின் இடத்தில் 99 வகை காஸ்மோ ஃபால்கன் வருகிறது. இரண்டு காஸ்மோ ஜீரோக்கள் உண்டு. ஒன்றை கோடாயும் மற்றொன்றை யமமோட்டோ அகிராவும் ஓட்டுகிறார்கள். இவை போக 100 வகை வேவு விமானமும், ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் காஸ்மோ சீகலும் இருக்கின்றன.

ஆக ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிறைய சின்ன விமானங்கள், அவற்றோடு அளவில் ஒத்துப்போகாத சில பெரியவை. ஹேங்கர் வடிவமைப்பவரைத் திணற வைப்பது இந்தக் கலவைதான். ஒரே அளவுள்ள முப்பது பொருள்களை அடுக்குவது சுலபம். நடுவில் வேறு அளவில் இரண்டு வந்தால் அடுக்கின் ஒழுங்கே மாறிவிடும். அதனால் சீகலையும் வேவு விமானத்தையும் ஃபால்கன்களோடு சேர்க்காமல் தனி இடத்தில் வைப்பதுதான் சரி.

பழைய யமாட்டோவுக்குள் இவ்வளவு விமானங்கள் அடங்கவே அடங்காது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பழைய தொடரில் கப்பலின் நீளம் 265.8 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஓடிய நிஜ யமாட்டோ 263 மீட்டர். ஏறத்தாழ அதே அளவு. அந்த உடலுக்குள் அலை இயக்க எஞ்சின், மூன்று பெரிய பீரங்கிக் கோபுரங்கள், முகப்பில் அலை இயக்கப் பீரங்கி, தொழிற்கூடம், ஆட்கள் தங்கும் அறைகள் எல்லாம் போக வேண்டும். விமானங்கள் வெளியேறும் வாசல் பின்பக்க அடிவயிற்றில் இருக்கிறது. எஞ்சினும் பின்பக்கத்தில்தான். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன.

2199 தொடரில் நீளத்தை 333 மீட்டராக்கிவிட்டார்கள். கேட்பதற்கு 67 மீட்டர் கூடியதுபோலத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம் 1.25 மடங்கு. அகலமும் உயரமும் அதே விகிதத்தில் வளர்ந்தால், உள்ளே இருக்கும் இடம் 1.25 × 1.25 × 1.25, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெளித்தோற்றம் பழைய கப்பலாகவே தெரிகிறது, உள்ளே இன்னொரு கப்பல் அளவுக்கு இடம் கிடைத்துவிட்டது. ரசிகர்கள் நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இதைவிட நேர்மையான பதில் கொடுத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். 'இது கார்ட்டூன்தானே' என்று தள்ளிவிடாமல் கப்பலையே அளந்து திருத்தியிருக்கிறார்கள்.

நிஜ யமாட்டோவில் ஹேங்கர் இருந்ததா?

இருந்தது, அதுவும் பின்பக்கத் தளத்துக்குக் கீழே. 7 மிதவை விமானங்கள் வரை வைக்கலாம். தளத்தின் கடைசியில் இருபுறமும் இரண்டு ஏவு தண்டவாளங்கள், நடுவில் ஒரு கிரேன்.

விமானங்களைக் கப்பலுக்குள் வைத்ததற்கு ஒரு கட்டாயம் இருந்தது. யமாட்டோவின் முக்கியப் பீரங்கிகள் 46 சென்டிமீட்டர் வாய் அகலம் கொண்டவை. அவை வெடிக்கும்போது எழும் காற்றழுத்தம் தளத்தில் நிற்கும் எந்த லேசான பொருளையும் நொறுக்கிவிடும். மற்றப் போர்க்கப்பல்களில் படகுகளும் விமானங்களும் மேல்தளத்தில் வெட்டவெளியில் நிற்கும். யமாட்டோவில் இரண்டையுமே உடலுக்குள் தள்ள வேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. போவது ஏவு தண்டவாளம் வழியாக. திரும்பி வரும் விமானம் கடலில் இறங்கி, கப்பலின் பக்கத்தில் மிதந்து வந்து, கிரேனில் தொங்கி மேலே ஏறும். போகிற வழி வேறு, வருகிற வழி வேறு. அனிமே யமாட்டோவிலும் இந்தப் பிரிவினை ஓரளவு தொடர்கிறது. பின் தளத்தில் அதே இரண்டு ஏவு தண்டவாளங்கள், அவற்றில் காஸ்மோ ஜீரோக்கள். மற்ற விமானங்களுக்கு அடிவயிற்று வாசல்.

2199 தொடரில் வரும் சுழலும் ஹேங்கர் என்றால் என்ன?

ஃபால்கன்கள் தரையில் வரிசையாக நிற்பதில்லை. ஒரு பெரிய உருளையின் அச்சைச் சுற்றி வட்டமாகப் பொருத்தப்பட்டிருக்கும். புறப்பட வேண்டிய விமானம் வாசலுக்கு நேரே வரும்வரை உருளை சுழலும். பிறகு அந்த விமானம் மட்டும் விடுபட்டு, ஏவு பாதைக்கு இறங்கி, பின்பக்க அடிவயிற்று வாசல் வழியே வெளியே போகும். அடுத்த சுழற்சிக்கு அடுத்த விமானம்.

புதிய தொடரில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். காரணம் அழகு மட்டும் இல்லை. சாதாரண ஹேங்கரில் உள்ள பெரிய தலைவலி, முன்னால் நிற்பதை நகர்த்தாமல் பின்னால் நிற்பதை எடுக்க முடியாது என்பது. அவசரமாக வேண்டிய விமானம் எப்போதும் மூலையில்தான் மாட்டிக்கொண்டிருக்கும். விமானந்தாங்கிக் கப்பலில் வேலை பார்ப்பவர்கள் பாதி நேரம் இப்படி நகர்த்தி நகர்த்தி வழி விடுவதில்தான் செலவிடுகிறார்கள். உருளையில் அந்தச் சிக்கலே இல்லை. எந்த விமானத்துக்கும் வாசல் ஒரு சுழற்சி தூரம்தான். பழுதான விமானம் ஒன்று இருந்தால் அதைத் தாண்டிச் சுழற்றிவிடலாம். அது யாரையும் மறிக்காது.

எத்தனை விமானம் கொள்ளும் என்று கேட்பவர்கள், எந்த வரிசையில் அவை வெளியே வர முடியும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஐம்பது விமானங்களை அடைத்துவைத்து நிமிடத்துக்கு ஒன்று வெளியே அனுப்ப முடியாத ஹேங்கரைவிட, இருபதை வைத்துக்கொண்டு இருபதையும் நினைத்த வரிசையில் அனுப்பும் ஹேங்கர் பல மடங்கு மேல்.

உருளை இடத்தை வீணாக்காதா?

வீணாக்கும். எவ்வளவு என்று பார்த்துவிடலாம். கணக்குக்காக, மடக்கிய நிலையில் ஒரு விமானத்துக்கு 4 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வட்டத்தில் எட்டு விமானங்கள். அப்படியானால் நடுவில் ஏறக்குறைய 9.7 மீட்டர் குறுக்களவுள்ள எண்கோண வெற்றிடம் வரும். வெளிவிளிம்பின் குறுக்களவு 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும்.

வெட்டுப் பரப்பில் பார்த்தால், விமானங்கள் எடுப்பது எட்டுப் பதினாறு 128 சதுர மீட்டர். வட்டத்தின் பரப்பு சுமார் 257 சதுர மீட்டர். சரியாகப் பாதி போய்விட்டது. இதே எட்டை இரண்டு அடுக்கில், அடுக்குக்கு நான்காக வைத்தால் 16க்கு 8 மீட்டர் அறையில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த அறையில் நகர்த்துவதற்குப் பாதையும் லிஃப்டும் வேண்டுமே, அதைக் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் குறைகிறது. உருளையின் நடு வெற்றிடமும் சும்மா கிடக்க வேண்டியதில்லை. எரிபொருள் குழாய்கள், மின் இணைப்புகள், ஆயுதம் கொண்டுவரும் தூக்கி, பணியாளர் நடைபாதை எல்லாவற்றையும் அங்கே வைக்கலாம். எட்டு விமானங்களுக்கும் ஒரே தூரத்தில் இருக்கும் இடம் அதுதான்.

கப்பலுக்குள் செயற்கை ஈர்ப்பு உண்டு. அப்படியானால் உருளையின் மேல்பகுதியில் இருக்கும் விமானம் தலைகீழாகத் தொங்குமா?

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, விமானத்தை உருளையோடு இறுக்கப் பிணைத்துவிடுவது. அப்போது மேலே போகும்போது அது தலைகீழாகத்தான் இருக்கும். எரிபொருள் தொட்டி, எண்ணெய்க் குழாய், விமானி இருக்கை எதுவும் அதனால் கெடாதபடி கட்ட வேண்டும். போர் விமானம் வானில் தலைகீழாகப் பறக்கக்கூடியதுதான் என்றாலும், மாதக்கணக்கில் அப்படியே நிறுத்திவைப்பது வேறு விஷயம். விமானி ஏறியபின் உருளை சுழன்றால் அவருடைய நிலைமையையும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று திருவிழா ராட்டினத்தின் வழி. சக்கரம் எப்படிச் சுற்றினாலும் தொட்டில் நிமிர்ந்தே இருக்கும். பராமரிப்பு வேலைக்கு இதுதான் வசதி, ஆனால் ஒவ்வொரு தொட்டிலும் தனியாகத் திரும்ப இடைவெளி விட வேண்டும். உருளை இன்னும் பெரிதாகும்.

மூன்றாவதாக ஒன்று, ஹேங்கர் பகுதியில் மட்டும் ஈர்ப்பை நிறுத்திவிடுவது. நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். எடையற்ற இடத்தில் இரண்டு பேர் ஒரு விமானத்தைத் தள்ளிவிடலாம். ஆனால் எடை போனாலும் நிறை போகாது. பத்து டன் விமானம் மெதுவாக நகர ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவதற்கும் அதே அளவு தள்ள வேண்டும், இடையில் கை மாட்டினால் நசுங்கிவிடும். அதனால் தண்டவாளமும் பிடிப்பும் இல்லாமல் எதையும் நகர்த்தக் கூடாது.

உருளை சுழன்றால் கப்பல் எதிர்ப்பக்கம் திரும்பாதா?

திரும்பும். விண்வெளியில் பிடித்துக்கொள்ளத் தண்ணீரோ காற்றோ இல்லை. உருளை வலப்பக்கம் சுழல ஆரம்பித்தால் கப்பல் உடல் இடப்பக்கம் மெல்லச் சுழலும். உருளை நின்றால் அதுவும் நின்றுவிடும். கப்பலின் நிறை பல மடங்கு அதிகம் என்பதால் திருப்பம் மிகச் சிறியது. ஆனால் மிகத் தொலைவில் உள்ள எதிரியைக் குறிவைத்திருக்கும் பீரங்கிக்காரருக்கு அந்தச் சிறிய திருப்பமும் போதும், குறி தவறிவிடும். தீர்வு சுலபம். அடுத்தடுத்து இரண்டு உருளைகள், எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும்.

இறக்கை மடக்குவது எவ்வளவு இடத்தை மிச்சப்படுத்தும்?

நிஜ உதாரணங்கள் இங்கே நன்றாக உதவும். அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனம் செய்த எஃப்4எஃப்-4 வைல்ட்கேட் விமானத்தின் இறக்கை விரித்தால் 11.6 மீட்டர், உடலோடு ஒட்டிப் பின்னால் மடக்கினால் 4.4 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒன்று நின்ற இடத்தில் இரண்டுக்கு மேல் நிறுத்தலாம்.

ஜப்பானின் ஜீரோ விமானத்தில் 21 மாதிரிக்கு நுனியில் அரை அரை மீட்டர்தான் மடங்கும். 12 மீட்டர் 11 ஆகும். கப்பல் லிஃப்டுக்குள் நுழைய அது போதும், அவ்வளவுதான் நோக்கம். பிறகு வந்த 52 மாதிரியில் இறக்கையையே 11 மீட்டராகக் குறைத்து மடிப்பை எடுத்துவிட்டார்கள். காஸ்மோ ஜீரோவின் முழுப்பெயரில் இருக்கும் 52 என்ற எண் இந்த விமானத்திலிருந்து வந்ததுதான்.

உருளை ஹேங்கருக்கு மிக நெருக்கமான நிஜ உறவு ஐ-400 வகை நீர்மூழ்கிக் கப்பல். 122 மீட்டர் நீளமுள்ள அந்த ஜப்பானியக் கப்பலின் முதுகில் 3.5 மீட்டர் குறுக்களவும் சுமார் 31 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு குழாய் இருந்தது. அதற்குள் மூன்று செய்ரான் விமானங்கள். விரித்தால் 12 மீட்டருக்கு மேல் இருக்கும் இறக்கையைச் செங்குத்தாகத் திருப்பிப் பின்னால் மடக்குவார்கள். வாலின் பகுதிகளும் மடங்கும். விமானத்தைச் செய்துவிட்டு ஹேங்கர் தேடவில்லை. குழாயின் அளவை வைத்தே விமானத்தை வடிவமைத்தார்கள். ஆனால் மூன்றும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றதால் முதலாவது போகாமல் இரண்டாவது போக முடியாது.

காஸ்மோ ஜீரோக்களை மட்டும் ஏன் பின் தளத்தில் தனியாக வைத்திருக்கிறார்கள்?

நிஜ யமாட்டோவின் ஏவு தண்டவாளங்கள் இருந்த இடம் என்பது முதல் காரணம். ஓவியர்கள் அந்த முகத்தை மாற்ற விரும்பவில்லை. ஆனால் நடைமுறைக்கும் இது பொருந்துகிறது. அடிவயிற்று வாசல் ஒன்றுதான். அது அடிபட்டால், அல்லது நடுவில் ஒரு விமானம் மாட்டிக்கொண்டால், முழுப் படையும் உள்ளே சிறைப்பட்டுவிடும். அந்த நேரத்தில் மேலிருந்து கிளம்ப இரண்டு விமானங்களாவது இருக்கும். ஒரே வாசலை நம்புவது இந்த வடிவமைப்பின் மிகப் பெரிய பலவீனம் என்று நினைக்கிறேன். ஜீரோக்கள் அதைக் கொஞ்சம் ஈடுகட்டுகின்றன, முழுதாக இல்லை.

வாசல் திறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று என்ன ஆகும்?

முழு ஹேங்கரையும் திறந்தால் நஷ்டம் பெரிது. மேலே சொன்ன 18 மீட்டர் உருளைக் கூடம் 50 மீட்டர் நீளம் என்று வைத்தால், கொள்ளளவு 12,700 கன மீட்டர் போல வரும். ஒரு கன மீட்டர் காற்று 1.2 கிலோ. மொத்தம் சுமார் 15 டன் காற்று. ஒவ்வொரு முறையும் அதை வெளியே விட்டால், துறைமுகமே இல்லாத ஒரு வருடப் பயணம் எப்படி நடக்கும்?

ஆகவே ஒரு விமானம் மட்டும் அடங்கும் இடைக்கூடம் வேண்டும். 18 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்றால் 540 கன மீட்டர், காற்று 650 கிலோ. அதையும் பம்ப் வைத்து உறிஞ்சிவிட்டுத் திறந்தால் இழப்பு இன்னும் குறையும். ஆனால் உறிஞ்ச நேரம் பிடிக்கும். வரிசையாக இருபது விமானம் கிளம்ப வேண்டிய போர் நேரத்தில் இது நடக்காது.

அதனால் அமைதிக் காலத்தில் ஹேங்கரில் காற்று இருக்கட்டும், பராமரிப்பவர்கள் சட்டையோடு வேலை பார்க்கலாம். போர் எச்சரிக்கை வந்தவுடன் காற்றைத் தொட்டிகளுக்கு உறிஞ்சிவிட்டு எல்லோரும் விண்வெளி உடையில் இருக்க வேண்டும்.

ஹேங்கரில் தீப்பிடித்தால்?

இதை நான் மிகவும் முக்கியமான கேள்வியாகப் பார்க்கிறேன். 1942 ஜூனில் மிட்வே போரில் ஜப்பான் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ என நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. முதல் மூன்றும் தாக்கப்பட்ட நேரத்தில் அவற்றின் ஹேங்கர்களில் எரிபொருள் நிரப்பிய விமானங்கள் நின்றன. கழற்றிய குண்டுகளும் டார்பிடோக்களும் பாதுகாப்பு அறைக்குப் போகாமல் அங்கேயே கிடந்தன. அந்த ஹேங்கர்கள் நாலாபுறமும் மூடியவை. வெடிப்பின் அழுத்தத்துக்கு வெளியேற வழியில்லை, எரிகிறதைக் கடலில் தள்ளவும் வழியில்லை. அமெரிக்கக் கப்பல்களின் ஹேங்கர்கள் பக்கங்கள் திறந்தவை. இன்றைய நிமிட்ஸ் வகைக் கப்பலிலும் 200 மீட்டர் நீள ஹேங்கரைத் தீத்தடுப்புக் கதவுகள் போட்டு மூன்றாகப் பிரிக்க முடியும்.

யமாட்டோவின் ஹேங்கரும் மூடிய பெட்டிதான். ஆனால் விண்வெளியில் ஒரு வரம் இருக்கிறது: காற்றை வெளியே விட்டால் எரிபொருள் தீ அணைந்துவிடும். போர் நேரத்தில் ஹேங்கர் வெற்றிடமாக இருக்க வேண்டும் என்பதற்கு இது இன்னொரு வலுவான காரணம். ராக்கெட் எரிபொருளுக்கும் ஏவுகணைகளுக்கும் இந்த விதி செல்லாது. அவை தமக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தாமே சுமப்பவை, வெற்றிடத்திலும் எரியும். ஆகவே ஆயுதங்களை உருளைக்குள் ஏற்றிவைக்கக் கூடாது. விமானம் ஏவு பாதைக்கு இறங்கிய பிறகு, கவசம் போட்ட தனி அறையிலிருந்து கொண்டுவந்து ஏற்ற வேண்டும். கொஞ்சம் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஏற்றுக்கொள்ளாததன் விலை என்ன என்பதை மிட்வே காட்டிவிட்டது.

திரும்பி வருகிற விமானம் எப்படி உள்ளே நுழையும்?

கிளம்புவதைவிட இது கடினம். கடலில் விமானம் இறங்கும்போது தளம் கிட்டத்தட்ட நிலையாக இருக்கிறது, விமானம்தான் வேகத்தைக் கொல்ல வேண்டும். விண்வெளியில் இரண்டு பேரும் ஓடுகிறார்கள். வேகம் எவ்வளவு என்பது பொருட்டில்லை, இருவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் பொருட்டு. அமெரிக்க விண்வெளி ஓடம் சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணையும்போது இந்த வித்தியாசம் நொடிக்குச் சில சென்டிமீட்டர்தான் இருந்தது. அந்த நேரத்தில் கப்பல் எஞ்சினை முடுக்கக் கூடாது. முடுக்கினால் வாசல் விமானியை விட்டு ஓடிவிடும், அல்லது அவர் மேல் வந்து மோதும். போதாததற்கு யமாட்டோவின் வாசல் பின்பக்கத்தில், எஞ்சின் வாய்க்குப் பக்கத்தில். நேர் பின்னாலிருந்து வருவது தற்கொலை. கீழிருந்து சாய்வாக ஏறி வர வேண்டும்.

விமானி தானே நுழைவதைவிட, வாசலுக்கு வெளியே வந்து நிற்பதும் கப்பலின் கை நீண்டு பிடித்து உள்ளே எடுப்பதும் பாதுகாப்பானது. ஜப்பானின் கோனோடோரி சரக்கு விண்கலம் 2009 முதல் 2020 வரை ஒன்பது முறை விண்வெளி நிலையத்துக்குப் போனது இப்படித்தான். நிலையத்துக்கு 10 மீட்டர் கீழே வந்து நிற்கும், நிலையத்தின் இயந்திரக் கை அதைப் பிடித்துப் பொருத்தும்.

இன்னும் பழைய முன்னோடி அமெரிக்கக் கடற்படையின் மேக்கான் வான்கப்பல் (வாயுவால் மிதந்து பறக்கும் பெரிய கலம்). 239 மீட்டர் நீளமுள்ள அது தன் வயிற்றுக்குள் ஸ்பேரோஹாக் என்ற குட்டிப் போர் விமானங்களைச் சுமந்தது. விமானம் வான்கப்பலின் வேகத்துக்கு ஈடாகக் கீழே பறந்து வந்து, தொங்கவிட்ட கம்பியில் தன் கொக்கியை மாட்டும். கம்பி மேலே இழுத்துக்கொள்ளும். உள்ளே கூரைத் தண்டவாளம் வழியாக ஒவ்வொன்றும் தன் மூலைக்குப் போகும். அடிவயிற்று வாசலும் தொங்கும் பாதையும் 1930களிலேயே பறந்த விஷயங்கள்.

பழைய தொடரில் ஆட்கள் 114 பேர்தான். ஹேங்கரை நடத்த அது போதுமா?

போதாது. நிமிட்ஸ் வகைக் கப்பலில் விமானப் பிரிவில் மட்டும் 2,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், அறுபது எழுபது விமானங்களுக்கு. ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய முப்பது பேர். 114 பேரில் விமானிகளைக் கழித்தால் ஸ்பேனர் பிடிக்க யார் மிச்சம்? 2199 தொடரில் ஆள் எண்ணிக்கை 999. இப்போதும் நெருக்கடிதான், ஆனால் விமானங்களை நகர்த்தும் வேலையை உருளை எடுத்துக்கொள்வதால் நம்பும்படி இருக்கிறது.

போரில் விமானங்கள் அழிகின்றன, அடுத்த பகுதியில் மறுபடியும் நிறைய வருகின்றன. எப்படி?

கப்பலுக்குள்ளேயே தொழிற்கூடம் உண்டு என்று கதை சொல்கிறது. அதோடு, உதிரி விமானம் எடுத்துப் போவது கடற்படைகளின் பழைய வழக்கம். ஜப்பானின் ஷோகாகு வகைக் கப்பல்களில் 72 விமானங்கள், அவற்றோடு 12 உதிரி. அமெரிக்கக் கப்பல்களில் உதிரி விமானங்களை ஹேங்கரின் கூரையில் கட்டித் தொங்கவிடுவார்கள். இறக்கை கழற்றிய உடல்கள் எடுக்கும் இடம் மிகக் குறைவு. ஆனாலும் பழைய தொடர் இந்தச் சலுகையைக் கொஞ்சம் தாராளமாகவே எடுத்துக்கொண்டது.

மற்ற அனிமே கப்பல்களில் எப்படி?

1979இல் வந்த 'கண்டம்' (Gundam) தொடரின் வைட் பேஸ் கப்பல் 262 மீட்டர், பழைய யமாட்டோவுக்குச் சமம். ஆனால் அது சுமப்பது 18 மீட்டர் உயர மனித வடிவ இயந்திரங்களை. அதனால் இடப்பிரச்சினை உயரத்துக்கு மாறிவிடுகிறது. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களும் இரண்டு ஹேங்கர்கள், அங்கிருந்தே ஏவப்படும். இரண்டு வாசல்கள், ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் வைட் பேஸ் யமாட்டோவை வென்றுவிடுகிறது.

1982இல் வந்த மேக்ராஸ் தொடரின் கப்பல் 1,200 மீட்டரைத் தாண்டும். அது சுமக்கும் விஎஃப்-1 விமானம் 14 மீட்டர் சொச்சம்தான். அங்கே இடம் ஒரு பிரச்சினையே இல்லை, அதனாலேயே ஹேங்கராக எனக்கு அதில் சுவாரசியம் குறைவு.

நானே ஒரு ஹேங்கர் வரைய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

எண்ணிக்கையில் தொடங்காதீர்கள். இருப்பதில் பெரிய விமானத்தை எடுத்து, மடக்கிய நிலையில் அதன் நீளம், அகலம், உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் ஒரு ஆள் உடையோடு நடக்க இடைவெளி விடுங்கள். அதைக் கொண்டு வாசலை வரையுங்கள். வாசலிலிருந்து உள்ளே பாதை, பாதையின் ஓரத்தில் நிறுத்துமிடம். அப்புறம்தான் எத்தனை என்று எண்ண வேண்டும்.

விமானந்தாங்கிக் கப்பல்களில் தளத்தின் சிறிய வரைபடம் ஒன்றை மேசையாகவே வைத்திருப்பார்கள். விமான வடிவில் வெட்டிய தகடுகளை அதன்மேல் நகர்த்தி, எது எங்கே நிற்கிறது, எதை எடுக்க எதை நகர்த்த வேண்டும் என்று பார்ப்பார்கள். எது எரிபொருளுக்குக் காத்திருக்கிறது, எது பழுது என்பதைக் காட்டத் தகட்டின்மேல் நட்டு, ஆணி மாதிரி சின்னப் பொருள்களை வைப்பதும் உண்டு. நீங்களும் அட்டையில் வெட்டிச் செய்யலாம். 1/500 அளவில் 333 மீட்டர் யமாட்டோ 66.6 சென்டிமீட்டர் வரும், 15 மீட்டர் விமானம் 3 சென்டிமீட்டர். கப்பலின் பின்பாதியை மட்டும் வரைந்தால் சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும்.

பிறகு வாசலுக்கு மிகத் தொலைவில் இருக்கும் விமானத்தை, மற்ற எதையும் கப்பலுக்கு வெளியே தள்ளாமல், எடுத்துப் பாருங்கள். அதன்பின் அடிபட்ட ஒரு விமானம் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு இன்னொரு முறை செய்து பாருங்கள். எந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்பது அப்போது தெரிந்துவிடும்.